கொள்ளைநோயும் மின்சாரமும்

2021-ஆம் ஆண்டு மே மாதத்தில், கொரோனா என்னும் கொள்ளைநோய் இரண்டாம் முறையாக மூண்டெழுந்து வீடுதோறும் புகுந்திருந்த நாட்களில், ஓரிரவு எம் ஊரில் நிகழ்ந்ததொன்றை முதற்கண் கூறி, பின்னர் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம். எம் இல்லத்திற்கு அணித்தே ஒரு சிறு வைத்தியசாலை உண்டு. அதன் கட்டில்களெல்லாம் நிறைந்து, தாழ்வாரத்திலும் பாய் விரித்து நோயாளரைக் கிடத்தியிருந்தனர். காற்றினின்று பிராணவாயுவைப் பிரித்துக் கொடுக்கும் சிறு பெட்டிகள் பத்துப் பன்னிரண்டு அங்கே இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தன. அவை மின்சாரத்தால் ஓடுவன. அன்றிரவு பதினொரு மணியளவில் தெருமுனையிலிருந்த டிரான்ஸ்பார்மர் பெருஞ் சத்தத்துடன் வெடித்தது. எண்ணெய் வழிந்து, தெரு முழுதும் இருளடைந்தது. வைத்தியசாலையார் உடனே தம் டீசல் இயந்திரத்தை முடுக்கினர். அவ்வியந்திரமோ ஒரு மணி இரண்டு மணி நேரத் தடைக்கென வாங்கப்பட்டது. நாள் முழுதும் ஓடும் வலிமை அதற்கில்லை என்பதை வாயிலில் நின்ற நாங்கள் யாவரும் அறிந்திருந்தோம்.

மின்சார இலாகாவினர் அரைமணியில் வந்து சேர்ந்தனர். அவர்களிலே குறையொன்றுமில்லை. குறை பண்டசாலையிலிருந்தது. அவ்வளவுள்ள டிரான்ஸ்பார்மர் ஒன்று கையிருப்பில் உண்டென்று புத்தகம் கூறிற்று. சென்று பார்த்தபோது, அது இரண்டு மாதங்களுக்கு முன்னரே வேறொரு தெருவிற்குப் போய்விட்டதென்றும், அதற்கு மாற்றாகக் கேட்டது இன்னும் வரவில்லையென்றும் தெரிந்தது. விடியற்காலத்தில் இஞ்சினீயர் ஒருவருக்கு, ஊரடங்கினால் பூட்டிக்கிடந்த நூற்பாலையொன்றின் நினைவு வந்தது. ஆலை முதலாளியை உறக்கத்தினின்று எழுப்பி இசைவு பெற்று, அவ்வாலையின் டிரான்ஸ்பார்மரை லாரியிலேற்றிக் கொணர்ந்து, மறுநாள் மாலை நான்கு மணிக்கு விளக்கெரியச் செய்தனர். கம்பத்திலேறிய லைன்மேன்களில் ஒருவர் காய்ச்சலில் கிடந்து எழுந்து மூன்று நாட்களே ஆனவர். டீசல் இயந்திரம் இடையில் இருமுறை நின்றும், மின்சாரத்தின் குறையால் அன்று உயிரொன்றும் போகவில்லை.

இரும்பும் செம்பும் எண்ணெயுமாகிய ஒரு பெட்டி வேண்டிய வேளையில் ஏன் இல்லாது போயிற்று என்னும் வினா அன்றுமுதல் எம்மை விடாது பற்றிக்கொண்டது. விடை எம் ஊர்ப் பண்டசாலையோடு முடிவதன்று என்பதை விசாரித்து அறிந்தோம். அறிந்தவற்றுட் சிலவற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

மின்சாரத்திற்கு ஒரு தனியியல்பு உண்டு. நெல்லைக் குதிரிற் கொட்டி வைக்கலாம்; துணியை மூட்டை கட்டி வைக்கலாம். மின்சாரத்தைப் பெரும் அளவிற் சேர்த்து வைத்தல் அரிது. செய்த கணமே அது செலவாதல் வேண்டும். ஆகலின் அதனை வழங்குவோர்க்கு முன்பக்கத்திற் களஞ்சியமில்லை. பின்பக்கத்தில் மட்டுமே உண்டு. நிலக்கரிக் குவியலும், அணையில் நின்ற நீரும், பண்டசாலையிலுள்ள கம்பியும் டிரான்ஸ்பார்மரும், இவற்றையெல்லாம் கையாளும் மனிதருமே அக்களஞ்சியம். ஒரு பண்டம் தோன்றுமிடத்தினின்று பயன்படுமிடம் வரை பல கை மாறி வருவதை விநியோகச் சங்கிலி என்பர் இக்காலத்தார். மின்சாரத்தின் சங்கிலியில் எக்கண்ணி அற்றாலும் விளக்கு உடனே அணையாது. கையிருப்பு உள்ளளவும் எரியும். அற்றது அற்றதென்று தெரிய மாதங்கள் ஆகலாம். இத்தாமதமே நம்மை ஏமாற்றுவது.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் இந்தியா முழுதும் ஊரடங்கு தொடங்கிற்று. மின்சாரம் செய்தல், கொண்டு செல்லல், பகிர்ந்தளித்தல் ஆகிய தொழில்கள் அத்தடையினின்று விலக்கப்பெற்றன. மின்சாரம் குறைந்துபோம் என்று அஞ்சியவர் பலர். நிகழ்ந்ததோ நேர்மாறு. ஆலைகளும் கடைகளும் புகைவண்டிகளும் நின்றமையின், அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்து மின்சாரத் தேவை முந்திய ஆண்டின் ஏப்பிரலினும் ஏறத்தாழ நாலிலொரு பங்கு தாழ்ந்தது. மின்சாரம் மிகுந்து கிடந்தது, வாங்குவாரில்லை.

அம்மாதம் 5-ஆம் நாள் இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் வீட்டு விளக்குகளை அணைத்து அகல் ஏற்றுமாறு பிரதமர் வேண்டியதை நேயர்கள் மறந்திரார். நம்மில் பலர்க்கு அது ஒரு காட்சி. மின்கட்டமைப்பைக் காப்போர்க்கு அது ஒரு கண்டம். நாட்டிலோடும் மின்சாரம் ஒரு வினாடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னுமாக ஓடுவது. செய்யும் அளவும் செலவாகும் அளவும் ஒத்திருக்கும்வரையே அவ்வெண் நிலைத்து நிற்கும். செலவு சட்டெனக் குறையின் எண் ஏறும், ஓரளவிற்கு மேல் ஏறின் இயந்திரங்கள் தம்மைக் காத்துக்கொள்ள ஒன்றன்பின் ஒன்றாக விலகும், நாடே இருளும். பன்னீராயிரம் பதின்மூவாயிரம் மெகாவாட் குறையுமென அதிகாரிகள் மதிப்பிட்டிருந்தனர். உண்மையிற் குறைந்ததோ 31,000 மெகாவாட்டுக்கு மேல். ஆயினும் அவ்வெண் 49.70-க்கும் 50.26-க்கும் இடையிலேயே நின்றது. என்னை? நிலக்கரி நிலையங்களை முன்னரே தாழ்த்தி, விரைவில் ஏறவும் இறங்கவும் வல்ல நீர்மின் நிலையங்களை உயர்த்தி வைத்திருந்தனர். வேளை வந்தபோது அவற்றில் 17,000 மெகாவாட்டுக்கு மேல் சில நிமிடங்களிற் குறைத்து, பின்னர் மீண்டும் ஏற்றினர். ஓரிரு நாளில் வகுத்த திட்டம் இது. அத்திட்டத்திற்கு முதலாயிருந்தவை அணைகளில் நின்ற நீரும், அதனைத் திறக்கவும் அடைக்கவும் தெரிந்த ஆட்களுமே.

ஆட்களைப்பற்றி ஒன்று கூறுவோம். ஒரு பெரிய கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து நாட்டின் மின்னோட்டத்தை நடத்துவோர் தொகை சிறிது. அவர்கள் பயிற்சியோ பல்லாண்டினது. கம்பியைக் கடன் வாங்கலாம். இவர்களைக் கடன் வாங்குதல் இயலாது. ஒருவர்க்கு நோய் பற்றின் உடனிருந்த குழு முழுதும் விலக நேரும். ஆகலின் இந்நாட்டிலும் பிறநாட்டிலும் இவர்களை ஒருவரையொருவர் காணாத குழுக்களாகப் பிரித்தனர். டில்லியிலுள்ள தேசிய மையத்திற்குக் கல்கத்தாவில் மாற்று மையமொன்று முன்னரே உண்டு. இத்தகைய காலத்திற்கன்றோ அது! அமெரிக்காவின் நியூயார்க்கு மாநிலத்தில் மின்கட்டமைப்பை நடத்துவோர் முப்பதுக்கு மேற்பட்டோர், 2020 மார்ச்சில் தாமே முன்வந்து, வீட்டை விட்டு, நிலைய வளாகத்திலேயே வண்டிவீடுகளில் தங்கிப் பல வாரங்கள் பணியாற்றினர். அவர்கள் உண்டியும் துணியும் கூட வெளியார் கைபடாது வருமாறு ஏற்பாடு செய்யப்பட்டது. நோய் பரவிய பெருநகரின் வைத்தியசாலைகள் அவர்களை நம்பியிருந்தன.

நிற்க. நிலக்கரியின் கதையே இப்பொருளிற் பெரிது. 210 மெகாவாட் இயந்திரமொன்று முழு அளவில் ஒரு நாள் ஓட ஏறத்தாழ 3,500 டன் கரி வேண்டும். அஃதாவது, ஏறத்தாழ அறுபது பெட்டிகள் கோத்த ஒரு சரக்குவண்டித் தொடர் நிறையக் கரி ஒரு நாளைக்கு ஒன்று. தூத்துக்குடியில் இத்தகைய இயந்திரங்கள் ஐந்து நிறுவப்பட்டன. ஐந்தும் ஓடின் நாளொன்றுக்கு 17,500 டன். அக்கரி ஒரிசாவின் தால்ச்சேர்ச் சுரங்கங்களினின்று புகைவண்டியிற் பாரதீப் துறைமுகத்திற்கு வந்து, அங்கே கப்பலேறி, வங்கக் கடலில் தெற்கே வந்து இறங்க வேண்டும். 50,000 டன் ஏற்றிய கப்பலொன்று வந்தால் மூன்று நாள் தாங்கும். சுரங்கத்தில் மழை, பாதையில் நெரிசல், துறையிற் புயல், இவற்றுள் ஒன்று போதும் கப்பலைத் தாமதிக்கச் செய்ய. நெய்வேலியில் இத்தொல்லை குறைவு. பழுப்பு நிலக்கரி எடுக்குமிடத்திலேயே இயந்திரமும் நிற்கின்றது. எல்லா ஊர்க்கும் அந்தப் பேறு வாய்க்குமோ?

ஊரடங்கு நாட்களில் இந்திய மின்நிலையங்களில் ஏறத்தாழ ஐந்து கோடி டன் நிலக்கரி குவிந்திருந்தது. ஒரு மாதத்திற்குப் போதுமானது. எரிப்பாரில்லாமையால் அது குறையாது கிடந்தது. குவியல் வெயிலிற் கிடப்பின் தானே கனன்று தீப்பற்றுதலும் உண்டு. அதிற் போட்ட பணத்திற்கு வட்டியோ நாள்தோறும் வளர்ந்துகொண்டிருந்தது. எனவே நிலையங்கள் புதிய கரி வாங்குவதைக் குறைத்துக்கொண்டு இருந்ததை எரித்தன. 2021 மார்ச்சு முடிவில் நிலையங்களின் இருப்பு மூன்று கோடி டன்னுக்குக் குறைவாக, அரசாங்கக் கம்பெனியாகிய கோல் இந்தியாவின் சுரங்க வாயில்களிலோ ஏறத்தாழ பத்துக் கோடி டன் எடுப்பாரின்றிக் கிடந்தது. கரி இல்லாமலில்லை, வேண்டிய இடத்தில் இல்லை. இதனைக் குறையென்று அன்று கூறியவர் சிலரே. பற்றாக்குறை கண்ணுக்குத் தெரியவில்லை. நோயின் துன்பமோ கண்முன் நின்றது.

பின்னர் ஆலைகள் திறந்தன. 2021 ஜூலை 7-ஆம் நாள் நாட்டின் தேவை வரலாற்றில் முதன்முறையாக 2,00,000 மெகாவாட்டைக் கடந்தது. நோயறியாத 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் 10,600 கோடி யூனிட்டாக இருந்த செலவு, 2021 ஆகஸ்டில் 12,400 கோடி யூனிட்டாயிற்று. அதே வேளையில் சுரங்கப் பகுதிகளில் மழை மிகுந்தது. கடல்கடந்து வரும் கரியின் விலை அவ்வாண்டுத் தொடக்கத்தினும் இருமடங்கிற்கு மேல் ஏறியமையால், அதனையே நம்பிக் கடற்கரையிற் கட்டிய நிலையங்கள் சில வாயை மூடிக்கொண்டன. அவை செய்ய வேண்டிய மின்சாரத்தையும் உள்நாட்டுக் கரியே செய்ய வேண்டியதாயிற்று. அக்டோபர் மாதத் தொடக்கத்தில், நாட்டின் நிலக்கரி நிலையங்கள் 135-இலும் சராசரி இருப்பு நான்கு நாட்களுக்கே போதுமானதாக இருந்தது. எண்பது இலட்சம் டன்னுக்கும் கீழே இறங்கிற்று. ஐந்து கோடி எங்கே, எண்பது இலட்சம் எங்கே! 2022 ஏப்பிரலில் வெயில் முன்னரே கடுகவே மீண்டும் அதே நெருக்கடி. கரி வண்டிகளுக்கு வழிவிடப் பயணி வண்டிகள் பலவற்றை நிறுத்தினர்.

இதனால் யாம் கொள்ளும் கருத்து ஒன்றுண்டு. கொள்ளைநோய் மின்சாரத்தை இருமுறை தாக்குகின்றது. முதல் தாக்கு நோய் நடமாடும்போது. அதனை நாடு நன்கு தாங்கிற்று, ஏனெனில் தேவையும் உடன் வீழ்ந்தது. இரண்டாம் தாக்கு நோய் தணிந்து தொழில்கள் எழும்போது. அப்பொழுதுதான் முன்னர் அற்ற கண்ணிகள் வெளிப்படுகின்றன. ஆகவே சங்கிலியை வலுப்படுத்தும் காலம் தேவை வீழ்ந்து கிடக்கும் காலமேயாம். விளைச்சல் மிகுந்து விலை மலிந்த ஆண்டிலே நெல்லையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் குதிரைத் துடைத்து வைக்கும் குடியானவன், அடுத்த ஆண்டு விதைக்குக் கடன் கேட்டு நிற்பான். குதிரை நிறைப்பதற்கு மலிந்த ஆண்டினும் ஏற்ற ஆண்டு ஏது?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அஃது அற்பமானதன்று. இருப்பு வைப்பதற்குப் பணம் வேண்டும். ஊரடங்கில் மின்சாரம் விற்போர் கையில் அதுவே இல்லை. வீடுகளுக்கு மலிவாக விற்கும் நட்டத்தை ஆலைகளிடமும் கடைகளிடமும் கொள்ளும் உயர்ந்த கட்டணத்தால் ஈடு செய்வது இந்நாட்டு வழக்கம். நின்றவையோ ஆலைகளும் கடைகளும். மீட்டர் பார்க்க ஆள் செல்ல இயலாமையின், தமிழ்நாட்டில் முந்திய கணக்கின் தொகையையே மீண்டும் கட்டச் சொன்னார்கள். பின்னர் அதனால் எழுந்த வழக்கும் பூசலும் வேறு. விநியோகக் கம்பெனிகள் மின்நிலையங்களுக்குத் தர வேண்டிய பாக்கி மலைபோல் வளரவே, 2020 மே மாதத்தில் மத்திய அரசாங்கம் 90,000 கோடி ரூபாய்க்குக் கடனுதவி அறிவித்தது. சங்கிலியில் பணமும் ஒரு கண்ணி என்பது இதனால் விளங்கும். நிலையத்தார்க்குப் பணம் வராவிடின் அவர் கரிக்காரருக்குக் கொடார். கரிக்காரர் வண்டி அனுப்பார்.

ஆயினும் இருப்பின் விலை எவ்வளவு? கணக்கிட்டுப் பார்ப்போம். மேற்கூறிய ஐந்து இயந்திர அளவுள்ள ஒரு நிலையம் இருபத்தைந்து நாட்களுக்குக் கரி வைத்திருப்பின், அது 4,37,500 டன். டன் ஒன்று 5,000 ரூபாய் எனக் கொள்வோமாயின் ஏறத்தாழ 219 கோடி ரூபாய். நூற்றுக்கு ஒன்பது வட்டியானால் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கோடி. பெருந்தொகைதான். ஆனால் அந்நிலையம் நூற்றுக்கு எழுபது அளவில் ஓடினும் ஆண்டிற்கு 640 கோடி யூனிட்டுக்கு மேல் செய்யும். பகிர்ந்து பார்ப்பின் யூனிட்டொன்றுக்கு வரும் சுமை மூன்று காசு. 2021 அக்டோபரில் மின்சாரச் சந்தையில் யூனிட்டின் விலை ஒரு வேளை இருபது ரூபாய்வரை ஏறிற்று. மூன்று காசு மிச்சம் பிடித்து இருபது ரூபாய் கொடுத்தோம் என்று கூறின் கணக்கு முழுதும் சரியாகாது. எந்நாளும் அவ்விலை இல்லை, எல்லா மின்சாரமும் அச்சந்தையில் வாங்கப்படுவதுமில்லை. ஆனால் எத்திசையிற் பிழை செய்தோம் என்பதை இவ்வெண்கள் காட்டாநிற்கும். 2021 டிசம்பரில் மத்திய மின்சார ஆணையம் புதிய விதியொன்று வகுத்தது: சுரங்க வாயிலிலுள்ள நிலையங்கள் 12 முதல் 17 நாட்களுக்கும், தொலைவிலுள்ளவை 20 முதல் 26 நாட்களுக்கும், மாதத்திற்கேற்ப இருப்பு வைத்தல் வேண்டும், தவறின் தண்டமுண்டு. ஆண்டு முழுதும் ஓரளவாக இராது, கோடைக்கு முன் ஏறி, மழைக்காலத்தில் இறங்குமாறு அமைத்தது அறிவுடைமை.

இனி எம் தெருமுனைக்குத் திரும்புவோம். டிரான்ஸ்பார்மர் என்பது உயர்ந்த அழுத்தத்தில் வரும் மின்சாரத்தை வீட்டிற்கு ஏற்ற அழுத்தமாகத் தாழ்த்தித் தரும் கருவி. அதற்குள் அசையும் உறுப்பு ஒன்றுமில்லை. மெல்லிய உருக்குத் தகடுகளை அடுக்கிய நடுவுடல். அதனைச் சுற்றிச் செம்பு அல்லது அலுமினியக் கம்பிச் சுருள். கம்பிக்குக் காகிதப் போர்வை. எல்லாவற்றையும் மூழ்க்கிய எண்ணெய். மேலே பீங்கான் குமிழ்கள். பார்ப்பதற்கு எளிது. ஆனால் அவ்வுருக்கு எல்லா உருக்கும் போன்றதன்று. சிலிக்கன் கலந்து, அதன் மணிகளெல்லாம் ஒரே திசையை நோக்கி நிற்குமாறு உருட்டிச் சுட்டு எடுத்தது. அங்ஙனமில்லாவிடின் மின்சாரத்தின் ஒரு பகுதி வெப்பமாக வீணாகும். இதனைச் செய்ய வல்ல ஆலைகள் உலகிற் சிலவே. இந்தியா டிரான்ஸ்பார்மர்களைத் தானே பெருவாரியாகச் செய்துவந்தும், கொள்ளைநோய் ஆண்டுகளில் இவ்வுருக்கைச் சிறுபகுதியொழிய வெளிநாட்டிலிருந்தே தருவித்தது. அமெரிக்காவில் இதனைச் செய்யும் கம்பெனி ஒன்றே இருந்தது. ஆக, உள்ளூரிற் செய்தது என்று நாம் பெருமை கொள்ளும் பெட்டியின் உள்ளுடல் கப்பலில் வர வேண்டும். கப்பல்களோ 2021-இல் துறைகள்தோறும் வரிசையில் நின்றன. மார்ச்சு மாதத்தில் சூயசுக் கால்வாயில் ஒரே கப்பல் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியை அடைத்ததும் அவ்வாண்டிலேதான்.

தெருமுனை டிரான்ஸ்பார்மர் சிறிது. துணைமின் நிலையங்களில் நிற்கும் பெரியவை நூற்றுக்கணக்கான டன் எடையுள்ளன. ஒவ்வொன்றும் அதனதன் இடத்திற்கென அளவெடுத்துச் செய்வது. கடையில் வாங்க முடியாது. நோய் நடந்த நாளில் இவற்றைக் கேட்பார் குறைந்து, ஆலைகளில் ஆட்களும் குறைந்தனர். பின்னர் எல்லா நாடும் ஒருங்கே கேட்டன. அமெரிக்காவில் 2021-இல் ஏறத்தாழ ஓராண்டாக இருந்த காத்திருப்பு 2024-இல் சராசரி இரண்டாண்டிற்கு மேலாயிற்று. இதுவும் இரண்டாம் தாக்கு. நிலக்கரியினும் மெதுவாக வந்தது, நெடுநாள் நின்றது. அந்நாட்டு மின்சாரக் கம்பெனிகள் 2006 முதலே தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்து, பெருங்கேடு நேரின் ஒருவர் வைத்திருக்கும் மாற்று டிரான்ஸ்பார்மரை மற்றவர் பெறலாமென வகுத்திருந்தன. பயங்கரவாதத்தை எண்ணிச் செய்தது அது. ஆயினும் ஒவ்வொருவரும் பத்து வைப்பதினும் பதின்மர் சேர்ந்து இருபது வைத்தல் மலிவு என்னும் அக்கருத்து எக்காலத்திற்கும் பொருந்தும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அளவுகள் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வோர் இலாகாவும் தன் மனம்போல வேறு வேறு அளவும் பொருத்தும் கேட்குமாயின், நூறு டிரான்ஸ்பார்மர் இருந்தும் வேண்டிய ஒன்று இராது. ஆலையின் டிரான்ஸ்பார்மர் எம் தெருக் கம்பத்திற்குப் பொருந்தியது, இரண்டும் பதினோராயிரம் வோல்ட்டைத் தாழ்த்துவனவாக, ஒரே அளவினவாக இருந்தமையால் அன்றோ?

சூரிய ஒளித் தகடுகளைப்பற்றிச் சுருங்கக் கூறுவோம். இந்தியா அவற்றுள் ஐந்தில் நான்கு பங்கைச் சீன தேசத்தினின்று வாங்கிவந்தது. 2020 ஜனவரி 23-ஆம் நாள் வூகான் நகரம் அடைக்கப்பட்டு, பின்னர் அந்நாட்டு ஆலைகள் பல வாரம் நின்றபொழுது, இங்கே ஊரடங்கு தொடங்குமுன்னரே ராஜஸ்தானத்து வெளிகளில் வேலை தடைப்பட்டது. பின்னர்த் தொழிலாளர் தம் ஊர்க்கு நடந்தே சென்றனர். அரசாங்கம் ஐந்து மாதத் தவணை நீட்டிக் கொடுத்தது. இதன் பின்னர், யாவற்றையும் நம் நாட்டிலேயே செய்தல் வேண்டும் என்னும் குரல் வலுத்து, 2022 ஏப்பிரல் முதல் வெளிநாட்டுத் தகடுகளுக்கு நூற்றுக்கு நாற்பது சுங்கம் விதித்தனர். உள்நாட்டுத் தொழில் வளர்வதில் எமக்கும் மகிழ்ச்சியே. ஆயினும் உள்நாடு என்பதையே காப்பு எனக் கொள்ளல் ஆகாது. 2021 ஏப்பிரலில் நோய் கடுமையாக மூண்டது இந்நாட்டிலேயாம். பிராணவாயுவை வைத்தியசாலைகளுக்கு ஒதுக்குமாறு ஆணை பிறந்து, ஆலைகளுக்கு அது நிறுத்தப்பட்டது, நேரிய ஆணை. ஆனால் உருக்கை வெட்டவும் ஒட்டவும் அவ்வாயுவையே நம்பிய பட்டறைகள் அதனால் நின்றன. அவ்வேளையில் எல்லாம் ஓரிடத்தே செய்யப்பட்டிருப்பின் எல்லாம் ஒருங்கே நின்றிருக்கும். ஓர் ஆற்றையே நம்பிய ஊர், அவ்வாறு தன் நாட்டிற் பிறந்ததாயினும், ஒரு கிணறும் வெட்டி வைத்திருத்தல் நலம். இரண்டு இடம், இயலுமாயின் மூன்று. அவற்றுள் ஒன்று அண்மையில். எம் எண்ணம் அவ்வளவே.

மேலும், தம்மிடம் விற்பவர் யார் என்பதைப் பெரும்பாலார் அறிவர். அவர் யாரிடம் வாங்குகின்றார் என்பதை அறிவார் அரியர். டிரான்ஸ்பார்மர் செய்வோர் மூவரிடம் வாங்குகின்றோம், ஆகவே அச்சமில்லை என்றிருக்கும் இலாகா, அம்மூவரும் தகடு வாங்குவது ஓர் ஆலையிலேயே என்று அறியின் என் செய்யும்? கடைசிக் கண்ணிவரை விசாரித்து எழுதி வைப்பதற்குப் பெருஞ் செலவு இல்லை, பொறுமை வேண்டும். அங்ஙனம் எழுதியதை மாதந்தோறும் திருத்தவும் வேண்டும். எம் ஊர்ப் பண்டசாலைப் புத்தகத்தில் இருந்த டிரான்ஸ்பார்மர் பண்டசாலையில் இல்லாததற்குச் சீனமும் சூயசும் காரணமல்ல.

நூற்பாலை 2021 ஜூலையில் மீண்டும் திறந்தது. முதலாளி நல்லவர், பதினைந்து நாள் பொறுத்தார். பின்னர்த் தம் பெட்டியைக் கேட்டார். ஆலையில் வேலை செய்வோரும் கூலியின்றி இருந்து வந்தவர்களாதலின் அவரைக் குறைகூற வழியில்லை. அது கழற்றிக் கொண்டுபோகப்பட்டது. எம் தெருவிற்கு அடுத்த தெருவின் டிரான்ஸ்பார்மரிலிருந்து கம்பி இழுத்தனர். அது இரு தெருவின் சுமையையும் தாங்காது. எனவே மாலை ஆறு முதல் பத்துவரை தண்ணீர் மோட்டாரும் மாவரைக்கும் இயந்திரமும் ஓட்டவேண்டாமென வீடுவீடாகச் சொல்லிப் போயினர். பிராணவாயுப் பெட்டிகள் அதற்குள் வைத்தியசாலையின் ஒரு மூலையில் துணி மூடிக் கிடந்தன, நோய் தணிந்துவிட்டது. புதிய டிரான்ஸ்பார்மர் வந்தது அவ்வாண்டு நவம்பர் மாதத்தில், ஒரு மழை நாளில். அதனை ஏற்றிய லைன்மேன்களுள் முன் கூறியவரும் இருந்தார். பண்டசாலையில் இப்பொழுது மாற்று உண்டோ என்று அவரை வினவினோம். இரண்டு கேட்டிருக்கிறார்கள் என்றார்.